நூற்றுப் பன்னிரண்டு ராத்தல்

விஜயா செய்த தப்பு பன்னிரண்டு ராத்தல். ஒவ்வொரு ஹண்ட்ரட்வெயிட்டுக்கும் பன்னிரண்டு ராத்தல். அதற்காக அவள் புருஷன் தியாகுவை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஜப்பான்காரர்கள் மலாக்காவுக்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சுவர்க் காலண்டரில் 1943 என்று இருக்கக்கூடாது, ஜப்பான் ஆண்டுக் கணக்கில் 2603 என்று இருக்க வேண்டும். கடிகாரம் டோக்கியோ நேரத்தைக் காட்ட வேண்டும். கடைசியாக எடைக்கும் ஒரு உத்தரவு வந்தது. ஆற்றோரக் கிட்டங்கிகளில் இருக்கும் இரும்புச் சாமான்கள் அத்தனையையும் கிலோவில் எழுதிக் கொடுக்க வேண்டும். கெடு நான்கு நாள். ஆங்கில எடைக்கற்களை யாரும் வைத்திருக்கக்கூடாது. உருக்குவதற்குக் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். வைத்திருப்பவனுக்கு என்ன ஆகும் என்று நோட்டீசில் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் புரிந்தது.

தியாகு அப்படியொரு இரும்புக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடிய சரக்கு. ஆணிப் பீப்பாய், கம்பிச் சுருள், சங்கிலி, கடப்பாரை, எல்லாம் பழைய புத்தகத்தில் ஹண்ட்ரட்வெயிட் கணக்கில் இருந்தது. அதை முதலில் ராத்தலாக்கி, பிறகு ஒரு ராத்தலுக்கு 453.6 கிராம் வீதம் கிலோவாக்க வேண்டும். முதல் இரண்டு நாள் அவன் காஜா பெராங்கில் இருந்த தன் வீட்டில் உட்கார்ந்து சங்கிலியையும் கடப்பாரையையும் முடித்தான். மூன்றாம் நாள் மத்தியானம் மலேரியா தூக்கிப் போட்டது. கொய்னா மாத்திரை கண்ணில் காணக் கிடைக்காத காலம். இரண்டு கோணிச் சாக்கைப் போர்த்தியும் பல் கிட்டியது.

"விஜயா, நாளைக்குக் குடுக்கலன்னா என்னைத் தொலைச்சிடுவானுங்க."

"இப்படிக் குடுங்க, நான் போடறேன்" என்று அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

அவளுக்குக் கணக்கு வரும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். ரப்பர்ப் பால் எடையைக் கங்காணி சொல்லி வாய் மூடுவதற்குள் மனத்திலேயே கூட்டிச் சொல்லும் பிள்ளை என்று பேர் வாங்கியவள். ஆனால் தோட்டத்தில் அவள் பழகியது பிக்குல், காட்டி என்ற மலாய் எடைகள். நூறு காட்டி ஒரு பிக்குல். ஹண்ட்ரட்வெயிட் என்று எந்தச் சாமானையும் அவள் நிறுத்ததில்லை. ஹண்ட்ரட் என்றால் நூறு என்பது மட்டும் தெரியும். பேரிலேயே நூறு இருக்கும்போது யாரைப் போய்க் கேட்பது? ஆணிக்கும் கம்பிக்கும் இருந்த இருநூற்று எண்பது ஹண்ட்ரட்வெயிட்டையும் நூறு நூறு ராத்தலாகவே போட்டு, கிலோவாக்கி, தசமப்புள்ளி ஒன்றுகூடப் பிசகாமல் எழுதி முடித்தாள். மொத்தம் பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோ. அதைத் தியாகுவின் மடியில் வைத்தாள். அவன் நடுங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

பத்து நாள் கழித்து ஜப்பானியர்கள் தங்கள் தராசைக் கொண்டுவந்து சரக்கை நிறுத்தார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போன தியாகுவைக் கிட்டங்கியிலேயே பிடித்து லாரியில் ஏற்றினார்கள்.

சேதி கொண்டுவந்தவர் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் மருதமுத்து. வாசலுக்குள் வராமல், வேலிக்கு வெளியில் நின்றபடியே, யாரோ பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சரக்கு கூட இருக்காம், தங்கச்சி. ஆயிரத்தஞ்ஞூறு கிலோ கூட. எழுத்துல குறைச்சுக் காட்டிட்டு இரும்பைத் திருடி விக்கப் பாத்தான்னு சொல்றானுங்க. சங்கிலி, கடப்பாரை எல்லாம் சரியா இருக்காம். ஆணியும் கம்பியுந்தான் உதைக்குது."

ஆணியும் கம்பியும். விஜயா வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சாங்களா, அண்ணே?"

மருதமுத்து தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

உள்ளே போய், வீட்டில் மிஞ்சியிருந்த வரைவுக் கணக்குத் தாள்களை எடுத்து விரித்தாள். தியாகுவின் தாளில் சங்கிலி ஐந்து ஹண்ட்ரட்வெயிட் என்று இருந்தது. பக்கத்தில் ஐந்நூற்று அறுபது ராத்தல். அவர்தான் காய்ச்சல் வரும் அசதியில் தப்பாகப் போட்டுவிட்டார் என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த வரி, கடப்பாரை பத்து. ஆயிரத்து நூற்றிருபது. அதற்கடுத்த வரியும் அப்படியே. அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு. ஒரு ஹண்ட்ரட்வெயிட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு ராத்தல். இருநூற்று எண்பதைப் பன்னிரண்டால் பெருக்கி, 453.6ஆல் பெருக்கினாள். ஆயிரத்து ஐந்நூற்று இருபத்துநான்கு கிலோ வந்தது.

பிறகு அவள் செய்ததை வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை. தன் கையெழுத்து இருந்த தாள்களை மட்டும் பிரித்தெடுத்து அடுப்பில் போட்டாள். வீட்டைச் சோதனை போட வந்தால் அகப்பட்டுவிடுமே என்ற பயம். தாள் சுருண்டு எரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எரிந்து முடிந்த பிறகுதான், தப்பு எப்படி நேர்ந்தது என்று காட்டிப் புருஷனைக் காப்பாற்ற இருந்த ஒரே துண்டுச் சாட்சியையும் தானே எரித்துவிட்டது உறைத்தது. தரையில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே கேட்டால் அதுவும் ஆபத்து.

மறுநாள் இரண்டு வயது மகளைப் பக்கத்து வீட்டுச் செட்டிக் குடும்பத்தில் விட்டாள். பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழர்கள், இப்போது பேசுவது மலாய்தான். பிள்ளையை வாங்கிக்கொண்ட பெண் எதுவும் கேட்காமல் "போ, போ" என்று கையை மட்டும் காட்டினாள். விஜயா நேரே கிட்டங்கிக்குப் போனாள். அங்கே மொழிபெயர்ப்பு வேலை பார்த்த பொன்னுதுரையைத் தியாகுவுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர், முன்பு ரயில்வேயில் இருந்தவர், எப்படியோ ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டிருந்தார். அவரைக் கிட்டங்கியின் பின்பக்கம் பிடித்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

பொன்னுதுரை கண்ணை மூடிக் கேட்டார்.

"நூற்றிப் பன்னிரண்டு எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. நேற்றே சொன்னனான். அதிகாரி கன்னத்தில ஒண்டு விட்டார். 'ஹண்ட்ரட் எண்டால் நூறு எண்டு எனக்குத் தெரியாதோ? பீப்பாயிலயும் ஹண்ட்ரட் எண்டுதானே எழுதிக் கிடக்கு, நீயும் கள்ளனோ' எண்டு கேட்டவர்."

"புஸ்தகத்துல போட்டிருக்குமே? வாய்ப்பாடு புஸ்தகம்?"

"இங்கிலீசுப் புத்தகம் ஆரிட்ட இருக்கு? எல்லாரும் பயத்தில எரிச்சுப் போட்டினம். நானும் எரிச்சனான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "வாயால சொன்னால் நம்பமாட்டார். தராசை மட்டும்தான் நம்புவார். அரை ஹண்ட்ரட்வெயிட் எண்டு எழுத்துப் போட்ட பழைய இரும்புக் கல்லு ஒண்டு கொண்டு வந்து அந்தத் தராசில வைச்சால், இருபத்தைந்தரை கிலோ கிட்டக் காட்டும். முழு ஹண்ட்ரட்வெயிட் நூறு ராத்தல் எண்டால் அந்த அரைக் கல்லு இருபத்திரண்டரைதான் காட்ட வேணும். வித்தியாசத்தை அவரே கண்ணால காணுவார். ஆனால் கல்லுக்கு எங்க போறது? எல்லாத்தையும் கப்பலில ஏத்தியாச்சு."

விஜயாவுக்குப் போக ஓரிடம் இருந்தது. ஜாலான் பெண்டஹாரா தெருவில் மளிகையும் கயிறும் ஆணியும் விற்கும் ஷரீஃபுதீன், எல்லோரும் அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்று கூப்பிடுகிறவர், அந்தக் காலத்தில் இதே கிட்டங்கியில் மொத்தமாகச் சரக்கு எடுத்தவர். அவர் கடை வாசலில் இரண்டு பெரிய எடைக்கற்கள் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். மேலே வளையம் வைத்து, பக்கவாட்டில் எழுத்துப் புடைத்த கற்கள். உத்தரவு வந்த வாரம் அவர் ஒரு கல்லைத்தான் வண்டியில் ஏற்றினார் என்று தியாகு ஒருமுறை வீட்டில் சொல்லியிருந்தான்.

கடை அலமாரிகள் காலியாகக் கிடந்தன. ஷரீஃபுதீன் கல்லாவில் உட்கார்ந்து, விற்க ஒன்றுமில்லாத கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து தெருவைப் பார்த்தார்.

"எங்கிட்ட கல்லு இல்ல. யார் சொன்னா இருக்குன்னு?"

"நானா, உங்க பேரைச் சொல்லமாட்டேன்."

"அடிச்சா சொல்லுவே, தங்கச்சி." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "நீன்னு இல்ல, நானும் சொல்லுவேன். ரெண்டு கடை தள்ளி ரேடியோ வச்சிருந்தவனைக் கூட்டிட்டுப் போனானுங்களே, அவன் அடி தாங்காம எத்தனை பேரைச் சொன்னான்னு தெரியுமா? ரேடியோவைப் பாக்காதவன் பேரைக்கூடச் சொன்னான். என் வீட்டுல ஏழு உசுரு இருக்கு."

அவர் சொன்னது உண்மை. தான் அடி தாங்குவோமா என்று அவளுக்கே தெரியாது. சரி என்று தலையாட்டித் திரும்பினாள். கடை முன்னால் இருந்த ஐந்தடி நடைபாதையில் இறங்கி நாலு எட்டு வைத்திருப்பாள்.

"பின்பக்கம் வா" என்று அவர் குரல் வந்தது. வேறு யாரிடமோ பேசுவது போல இருந்தது.

பின்கட்டில் காலிப் பெருங்காயச் சாக்குகள் குவிந்து கிடந்தன. அவற்றைப் புரட்டி ஷரீஃபுதீன் கல்லை வெளியே இழுத்தார். இந்தக் கல்லையும் ஏன் ஜப்பான்காரர்களிடம் கொடுக்கவில்லை என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. காசு கொடுத்து வாங்கிய பொருளாயிற்றே என்ற ஒரு பிடிவாதமாக இருக்கலாம். உத்தரவு வந்த நாளிலிருந்து அந்தக் கல் அவரைத் தூங்கவிடவில்லை. ஒரு மரவள்ளிக்கிழங்குக் கூடையின் அடியில் அதை வைத்து, மேலே கிழங்கைப் பரப்பினார்கள். அவர் ஒரு பக்கம் பிடித்து அவள் தலைக்கு ஏற்றிவிட்டார்.

"நான் இதைக் குடுக்கல. நீ திருடிட்டுப் போற. புரியுதா?"

"புரியுது, நானா."

"அல்லா காப்பாத்தட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் சந்து முனையைத் தாண்டும்வரைகூட நிற்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

இருபத்தைந்து கிலோ இரும்பும் அதன்மேல் கிழங்கும். தோட்டத்தில் பால்வாளி சுமந்த உடம்பு என்றாலும், அரை வயிற்றுக் கஞ்சியில் ஓராண்டு கழிந்திருந்தது. பாரத்தைவிடப் பாலம்தான் அவளை அரித்தது. கடைக்கும் கிட்டங்கிக்கும் நடுவே இருந்த ஆற்றுப் பாலத்தில் ஜப்பான் சிப்பாய் நிற்பான். அவன் முன்னால் இடுப்பை வளைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் யாரும் கடக்க முடியும். வளையாதவர்கள் வாங்கிய அடியை அவள் பார்த்திருக்கிறாள். தலையில் இந்தக் கூடையோடு வளைந்தால் கல் உருண்டு அவன் காலடியில் போய் விழும். கூடையை முன்கூட்டியே இறக்கி வைத்தால் மறுபடி ஏற்ற ஆள் கிடையாது. கனத்தைப் பார்த்தே அவன் சந்தேகப்படுவான்.

பாலத்தை நெருங்க நெருங்கக் காதுக்குள் இரைச்சல் கூடியது. சிப்பாய்க்கு எதிரே வந்ததும், இரண்டு கையாலும் கூடையைப் பிடித்தபடி, முதுகை நிமிர்த்தி, அப்படியே முழங்காலில் இறங்கினாள். தார்ச்சாலைக் கல் முட்டியில் குத்தியது. கண்ணைத் தரையில் வைத்தாள். சிப்பாய் ஏதோ கத்தினான். அது சம்மதமா வசவா என்று தெரியவில்லை. அவன் பூட்ஸ் பக்கத்தில் வந்தது. துப்பாக்கி முனைக் கத்தி அவள் நெற்றிக்கு மேலே நீண்டு கூடைக்குள் இறங்குவதைக் கழுத்தெலும்பால் உணர்ந்தாள். ஒரு கிழங்கு கத்தியில் குத்தி மேலே போயிற்று. அவன் அதைப் பார்த்தான், முகர்ந்தான், ஆற்றில் வீசினான். பிறகு போ என்று கையை ஆட்டினான்.

அவளால் எழ முடியவில்லை. பின்னால் காத்திருந்த வண்டிக்காரர்களும் பெண்களும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கை கொடுக்க யாருக்கும் தைரியமில்லை. அவள் அவர்களைக் குறை சொல்லவும் இல்லை. ஒரு காலை ஊன்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மற்றக் காலையும் ஊன்றி எழுந்து நடந்தாள். பாலத்தைத் தாண்டிய பிறகுதான் புடவை நனைந்திருப்பது தெரிந்தது. வியர்வை மட்டும் அல்ல.

கிட்டங்கி வாசலில் பொன்னுதுரை கூடையை இறக்கிவிட்டார். உள்ளே கிழங்குகளுக்கு நடுவே இரும்பைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது.

"கொண்டு வந்திட்டீரோ!" என்றார். வேண்டியது கிடைத்துவிட்டதில் அவருக்குச் சந்தோஷமே இல்லை. இனி அவரும் இதில் மாட்டிக்கொண்டார். "உண்மையைச் சொன்னாலும் அடி விழும், பொய் சொன்னாலும் விழும். ஆனபடியால் சுருக்கமாச் சொல்லும்."

அதிகாரி மெலிந்த மனிதர், தடித்த கண்ணாடி, பட்டாளத்துக்காரர் அல்ல, இரும்புக் கணக்குக்கென்றே வந்தவர். விஜயா தரையில் நெற்றி படக் கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்: ஆணி, கம்பிக் கணக்கின் நாலு பக்கத்தையும் எழுதியது நான். என் புருஷன் காய்ச்சலில் கிடந்தார். நூறு என்று நினைத்துப் போட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

பொன்னுதுரை சொல்லி முடித்ததும் அதிகாரி கல்லைச் சுட்டினார். இரண்டு ஆட்கள் தூக்கி அதைத் தராசில் வைத்தார்கள். அவர் குனிந்து, புடைத்த எழுத்தை விரலால் தடவி வாசித்தார். அதன்மேல் இருந்த கிரீட முத்திரையையும் தடவினார். பிறகு தராசின் குண்டைத் தானே நகர்த்தினார். இருபத்தைந்து புள்ளி நான்கு. நம்பாமல் கல்லை இறக்கச் சொல்லி மறுபடி வைத்தார். அதே இருபத்தைந்து புள்ளி நான்கு. ஒரு காகிதத்தில் நெடுநேரம் கணக்குப் போட்டார். கிட்டங்கிக்குள் பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

திடீரென்று தன் விரலை மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது எங்கே இருந்தது எண்டு கேக்கிறார்" என்றார் பொன்னுதுரை.

ஆற்றுச் சேற்றில் கிடந்தது என்று சொல்வதாகத்தான் அவள் வழியெல்லாம் நினைத்து வந்தாள். ஆனால் கல் காய்ந்து கிடந்தது, பெருங்காயம் நாறியது. பெருங்காயம் என்றால் மளிகைக் கடை. ஊரில் மளிகைக் கடைகள் எத்தனை என்று அந்த மனிதருக்குத் தெரியாதா?

"என் வீட்டுல இருந்துச்சு" என்றாள். "ஊறுகாய் ஜாடியை அழுத்தி வைக்கிற கல்லு. எடைக்கல்லுன்னு எனக்குத் தெரியாது."

பொன்னுதுரை அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவள் சொன்னதைவிட நீளமாக, கையால் ஜாடி காட்டி, மூக்கைச் சுளித்துக் காட்டி, ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். அவர் என்ன சேர்த்துச் சொன்னார் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

அதிகாரி எழுந்து வந்து அவளை இரண்டு முறை அறைந்தார். கல்லை ஒப்படைக்காததற்கு ஒன்று, தப்பாக எழுதியதற்கு ஒன்று என்று பொன்னுதுரையைக் கொண்டு சொல்ல வைத்தார். பிறகு சாயங்காலம் வரை முற்றத்து வெயிலில், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அவள் நிற்க வேண்டும் என்றார். நின்றாள். ஒரு முறை மயங்கி விழுந்தாள். மருதமுத்து வாளித் தண்ணீரை எடுத்துப்போகிற சாக்கில் அவள் மேல் சிந்திவிட்டுப் போனார்.

வெயில் இறங்கியபோது அதிகாரி வெளியே வந்து ஒரு தாளை நீட்டினார். ஆணி முப்பத்தேழு ஹண்ட்ரட்வெயிட், மூன்று குவார்ட்டர், ஒன்பது ராத்தல். கிலோவில் எவ்வளவு? வீங்கிய கன்னத்தோடு அவள் தரையில் குந்தி, கரித்துண்டால் சிமெண்டில் போட்டாள். ஒரு குவார்ட்டர் இருபத்தெட்டு ராத்தல் என்று பொன்னுதுரை வாய்க்குள் முணுமுணுத்தார். நாலாயிரத்து இருநூற்று முப்பத்தேழு ராத்தல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று கிலோ, அதற்குமேல் தொள்ளாயிரம் கிராம். அதிகாரி தன் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

தியாகு பிடிபட்ட ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தான். நடந்தே வந்தான். அவனுடைய இடது காது அதன்பிறகு கேட்கவே இல்லை. அவள் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்து, அழுதுகொண்டே, தப்பு தன்னுடையது என்றாள்.

"முதல் நாளே தெரியும்" என்றான் தியாகு.

"தெரியுமா?"

"ஆணியும் கம்பியும்னு சொன்னானுங்க. கூட இருக்கற தொகையையும் சொன்னானுங்க. அடிக்கு நடுவுல கணக்குப் போட்டுப் பாத்தேன், பன்னிரண்டு பன்னிரண்டா வந்துச்சு. கையெழுத்து வேறயா இருக்கே, யார் எழுதினதுன்னு கேட்டானுங்க. காய்ச்சல்ல என் கை அப்படி ஆடிருச்சுன்னேன்." கேட்காத காதைத் தேய்த்துக்கொண்டான். "அதையே எழுதிக் காட்டச் சொன்னானுங்க. கை நிஜமாவே ஆடுச்சு. அதனால நம்பிட்டானுங்க."

விஜயா தாளை அடுப்பில் போட்டதை அப்போதும் சொல்லவில்லை. நாலைந்து வருஷம் கழித்துத்தான் சொன்னாள்.

ஆனால் அவள் பயம் அன்றோடு தீரவில்லை. தியாகு வந்த மூன்றாம் நாள் காலையில் வாசலில் சைக்கிள் நின்றது. பொன்னுதுரை. உள்ளே வராமல் சொன்னார்: "அதிகாரி உம்மை நாளையில இருந்து வரச் சொல்லுறார். ஆற்றங்கரையில இருக்கிற எல்லாக் கிட்டங்கிக் கணக்கையும் நீர்தான் கிலோவாக்க வேணுமாம். தப்புச் செய்தவை திரும்பத் தப்புச் செய்யமாட்டினமாம்."

மறுக்க முடியுமா? அடுத்த இரண்டு வருஷமும் அவள் தினம் வீடிருந்த கரையிலேயே இருந்த அந்தக் கிட்டங்கிக்குப் போனாள். சம்பளம் பாதி அரிசி, பாதி மரவள்ளி. ஒவ்வொரு தொகையையும் மூன்று தடவை போட்டாள். நான்காம் தடவை கீழிருந்து மேலாகப் போட்டாள். அதிகாரி அவளை மறுபடி அடிக்கவில்லை. ஒரு தடவை தீபாவளிக்கு முன்னால் கையளவு சீனி கொடுத்தார். அதையும் பயத்தோடுதான் வாங்கிக்கொண்டு போனாள்; பதிலுக்கு என்ன கேட்பாரோ என்று. அவர் நல்லவரா கெட்டவரா என்று பின்னாளில் யாராவது கேட்டால், அவர் முகத்தைத் தான் சரியாகப் பார்த்ததே இல்லை என்பாள்.

1945 ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் காலை அவள் போனபோது கிட்டங்கிக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே சத்தம் இல்லை. சண்டை முடிந்துவிட்டது என்று ஊரில் காதோடு காதாகப் பேச்சு இருந்தது. அவள் அதை நம்பத் துணியவில்லை. ஏன் வராமல் போனாய் என்று நாளைக்குக் கேட்டால்? கதவுக்குப் பக்கத்தில், வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றாள். வெயில் ஏறியது. ஆற்றில் படகுகள் போயின. தெருவில் போகிறவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். மத்தியானம் மருதமுத்து அந்த வழியாக வந்தார்.

"இங்க என்ன பண்ற, தங்கச்சி? எல்லாரும் போயிட்டானுங்க. வீட்டுக்குப் போ."

"யாராவது வந்து போன்னு சொல்லணுமே, அண்ணே."

"நான் சொல்றேன், போ."

அவள் மேலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பூட்டிய கதவுக்கு முன்னால் இடுப்பை வளைத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.